நடுங்கத் தெரியாதவள்

…ரொம்ப நல்லாப் பிடிச்சிருக்கீங்கம்மா என்றுதானே சொன்னாள் அந்தக் கண்ணாடிக்காரி, இவள் கையில் ஒட்டியிருந்த அளவுப் பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தபடி, திரையில் ஓடி நின்ற கோடுகளை இன்னொரு முறை பார்த்தபடி, கை ரொம்ப அமைதியா இருக்கே என்று, அதைக் கேட்டு இவளுக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது, வகுப்பில் எல்லார் முன்னாலும் நோட்டைத் தூக்கிக் காட்டிப் பாராட்டிய மாதிரி, தேங்க்ஸ்மா என்று வேறு சொல்லிவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்த நடையோடு வெளியே வந்து இந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தாள்… தேங்க்ஸாம், எதற்குத் தேங்க்ஸ், நடுக்கத்தை அளக்கிற இடத்துக்கு வந்து நடுங்காமல் காட்டிவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிறவள் உலகத்தில் வேறு எவளாவது இருப்பாளா. அதுவும் அவளாக யோசித்து உறைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் முறைக்காகக் காத்திருந்த பெரியவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம், யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டார், அவர்தான் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, எப்படிம்மா, நல்லா ஆடிச்சா, என்று விசாரித்தார், ஏதோ ஊஞ்சலைப் பற்றிக் கேட்பதுபோல. இல்லங்க, ஆடவே இல்ல, அமைதியா இருக்குன்னு சொன்னாங்க, என்றாள் இவள் பெருமை தாங்காமல். தப்பான பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக வசதியாக உட்கார்ந்துவிட்ட பயணியைப் பார்க்கிற மாதிரி அவர் இவளைப் பார்த்தார். அப்ப உங்களுக்கு எதுக்கும்மா ஊசி, என்றார், நான் காலையிலேர்ந்து காப்பி மேல காப்பியா ஊத்திக்கிட்டு வந்திருக்கேன், இன்னைக்காவது நல்லா ஆடட்டும்னு. அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார், போன தடவை, இதே மாடியில் கடைசி அறையில் வைத்து, இவள்தான் காதைக் கொடுத்துவிட்டு மனதை வேறெங்கோ வைத்திருந்தாள். முகச்சுருக்கம் போவதற்காகப் போட்டுக்கொள்கிறார்களே, அதே போட்டாக்ஸ் மருந்துதான், கெட்டுப்போன டப்பா உணவில் வளர்கிற கிருமியின் விஷம், அதைத் துளியிலும் துளியாக எடுத்து முன்கைத் தசையில் ஏற்றினால் தசை கொஞ்சம் சோர்ந்துபோகும், நடுக்கம் அடங்கும், சில மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். ஆனா எல்லாருக்கும் ஒத்துவராது, என்றார் டாக்டர், சிலருக்கு கை சொன்னபடி கேக்கும், சிலருக்கு நடுக்கம் அப்படியே இருக்கும், விரல் மட்டும் தளர்ந்துபோகும், சட்டைப் பட்டன்கூடப் போட முடியாது, மருந்தோட வேகம் இறங்குற வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருக்கணும், அதனாலதான் யாருக்குப் பலன் இருக்கும்னு முன்னாடியே பாத்துடலாம்னு இந்தச் சோதனை. நடுக்கம் மணிக்கட்டிலிருந்து புறப்படுகிறதா, முழங்கையிலிருந்தா, தோளிலிருந்தா, எப்போதும் ஒரே திசையில் ஆடுகிறதா, நேரத்துக்கு ஒரு மாதிரி ஆடுகிறதா என்று பட்டைகள் பார்த்துச் சொல்லுமாம், ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்களின் நடுக்கத்தோடு கம்ப்யூட்டர் அதை ஒப்பிட்டுப் பார்க்குமாம், ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி, பொருந்தினால் ஊசி, பொருந்தாவிட்டால் வேறு வழி யோசிக்கலாம். வேறு வழி என்ன வழி… மாத்திரையை ஏற்கெனவே தின்று பார்த்தாயிற்று, தூக்கம்தான் வந்தது. மணிக்கட்டிலிருந்து புறப்பட்டு ஒரே மாதிரி ஆடுறவங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, என்று டாக்டர் சொன்னபோது, இவள் தன் மணிக்கட்டைப் பார்த்து, நீ அப்படித்தானே, என்று கேட்டதுகூட நினைவிருக்கிறது. அது அப்படித்தான். பத்து விரலும் அவளோடுதான் இருக்கின்றன, அவளுக்குத் தெரியாதா. தெரிந்தும், இன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்ததும், கையை நீட்டுங்கம்மா என்றதும், என்ன செய்தாள், முழங்கையை விலாவோடு ஒட்டினாள், மூச்சை விட்டு நிறுத்தினாள், சுண்டு விரலை மேஜை விளிம்பில் பட்டும் படாமல் ஊன்றினாள். வட்டம் வட்டமாகச் சுழி வரையச் சொன்னார்கள், கட்டை விரலை உள்ளே மடக்கிப் பேனாவை முஷ்டியில் பிடித்து ஒரே மூச்சில் வரைந்து முடித்தாள். தண்ணீர் கோப்பையைத் தூக்கச் சொன்னார்கள், ஊற்றும்போதே போதும் போதும் என்று பாதியில் நிறுத்தினாள், அந்தப் பெண்ணும் சரியென்று விட்டுவிட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை, அவளும் திட்டம் போடவில்லை, எல்லாம் தானாக நடந்தது, வீட்டுக்கு யாராவது வந்தால் கலைந்த படுக்கையின்மேல் சட்டென்று போர்வையை இழுத்துவிடுவதுபோல.

கண்டக்டரைக் கூப்பிட்டார்கள். காப்பி வீண் போகக் கூடாதும்மா, என்று சொல்லிவிட்டு, தொடைக்கு அடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு அவர் எழுந்து போனார், அது விடுதலையான சந்தோஷத்தில் காற்றில் தாறுமாறாக ஆடியது. அதைப் பார்த்து இவளுக்குப் பொறாமையாக இருந்தது, வெட்கமில்லாத பொறாமை. அவர் கை ஆடினாலும் ஒன்றுதான், ஆடாவிட்டாலும் ஒன்றுதான், பேரப்பிள்ளையைத் தூக்கவோ பேப்பர் படிக்கவோ அது போதும். எனக்கு அப்படியா… ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற நாற்காலிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து வாழ்க்கையில் பாதியைக் கழித்தவள் அவள், எறும்பு அக்கா என்றால் அந்தக் கட்டடத்தில் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி வந்த பெயர், அந்தக் கிளியைப் பாருங்க, என்பாள், சுவரில் பச்சைக்கிளிப் படம் ஒன்றை அவளே மாட்டியிருந்தாள், அது எத்தனை இறகு வச்சிருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க பாப்போம், அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். பயப்படுகிறவர்களுக்காகத்தான் அந்தக் கிளி. முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, பயப்படாதவர்களையும் கிளியைப் பார்க்கச் சொன்னாள், ஊசிக்குப் பழகிப்போன சர்க்கரை நோயாளிகளை, ரத்ததானம் கொடுத்துக் கொடுத்துத் தழும்பேறியவர்களை, எல்லாரையும், கிளியைப் பாருங்க, கிளியைப் பாருங்க… அவர்கள் கிளியைப் பார்த்தால் அவள் கையைப் பார்க்க மாட்டார்கள். ஒரு தாய் மட்டும் பார்த்துவிட்டாள். மடியில் குழந்தையை வைத்திருந்தவள், கிளியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஊசி தோலைத் தொடுவதற்கு முன்னால் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், கோபமாகக்கூட இல்லை, ரொம்ப மரியாதையாக, வேற யாராச்சும் இருக்காங்களாங்க, என்றாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம், யார் குழந்தைக்கு யார் ஊசி குத்துவது என்று சண்டை பிடித்திருக்கலாம். அந்த 'ங்க' இருக்கிறதே, அது இன்னும் உள்ளே குத்திக்கொண்டு இருக்கிறது.

அதற்குப் பிறகு ஸ்டிக்கர் மேஜை. மேற்பார்வையாளர் நல்ல மனுஷிதான், அவளைவிட இளையவள், அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், கொஞ்ச நாள் உக்காந்த வேலையா பாருங்கக்கா என்று சொல்லி, ரத்தக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுகிற மேஜைக்கு மாற்றிவிட்டாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும், ஊசி குத்துவதைவிட ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் நடுங்குகிற கைக்குக் கொடுமை என்று. ஊசிக்கு ஒரு நொடி போதும், சுண்டு விரலை ஊன்றிக்கொள்ள நோயாளியின் கை இருக்கிறது, ஸ்டிக்கருக்கு என்ன இருக்கிறது, சின்னக் குழாய், உருண்டுகொண்டே போகும், சீட்டு விரலிலேயே ஒட்டிக்கொள்ளும், கோணலாக ஒட்டினால் மெஷின் படிக்க மாட்டேன் என்று கூவும், அது கூவும்போதெல்லாம் அடுத்த மேஜையிலிருந்து யாராவது எழுந்து வந்து பேசாமல் சரிசெய்துவிட்டுப் போவார்கள். பேசாமல். எல்லாரும் ஏன் இப்படிப் பேசாமல் எல்லாவற்றையும் செய்கிறார்கள். ஊசி போட்டுச் சரியாயிடுச்சுன்னா பழைய முக்காலி உங்களுக்குத்தான்க்கா, என்றாள் மேற்பார்வையாளர், இல்லன்னா இந்த மேஜைக்கே நிரந்தரமா போட்டுடலாம், நீங்க அலைய வேண்டாம் பாருங்க. அலைய வேண்டாமாம். இப்போது அந்தத் திரையில் ஓடிய கோடுகள் டாக்டருக்குப் போகும், டாக்டர் பார்ப்பார், இந்தம்மாவுக்கு நடுக்கம் ரொம்பக் குறைவு, ஊசி தேவையில்லை என்று ஒரு வரி எழுதுவார், அவள் போய் அந்த மேஜையில் உட்கார்ந்து, ஓய்வு பெறும்வரை கோணல் கோணலாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான், கூவு, கூவு…

தாழ்வாரத்தின் கோடியில் அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், காதைக் கிட்டத்தட்டக் கதவில் வைத்தபடி. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவள் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதுதான் காட்சி, கல்யாண வீடாக இருந்தாலும் சரி, துக்க வீடாக இருந்தாலும் சரி, அவர் முதலில் லிஃப்டிடம்தான் நலம் விசாரிப்பார். தனக்குத் தோள்பட்டை வலி என்று சொல்லித்தான் அவரை அழைத்து வந்திருக்கிறாள், அழைத்து வந்தாள் என்பதுகூடப் பொய், நானும் வர்றேன், இன்னைக்கு வேலை ஒண்ணும் இல்ல, என்று அவராகத்தான் செருப்பை மாட்டிக்கொண்டார். கையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, ஏற்கெனவே அவர் கண்ணுக்கு அவள் எதற்கும் லாயக்கில்லாதவளாகிவிட்டாள், சட்டைப் பட்டன் அறுந்தால் முன்பெல்லாம் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார், இப்போது தெருமுனைத் தையற்கடைக்குக் கொண்டுபோகிறார், பாங்குக்குப் போனால் நீ இரு என்று தானே எல்லாவற்றையும் எழுதுகிறார், அப்புறம் அந்த டீ. அந்த டீயைப் பற்றி நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. காலையில் அவர்தான் டீ போடுவார், நன்றாகப் போடுவார், குறை சொல்ல முடியாது, ஆனால் அவருடைய டம்ளர் தளும்பத் தளும்ப இருக்கும், அவளுடையது பாதி. ஏங்க, பால் என்ன உங்க சம்பளத்துலயா வருது, என்று கேட்டிருக்கிறாள். சூடு ஆறிடும்ல, பாதி பாதியா குடி, என்பார். மாமியார் வீட்டுல வேலைக்காரிக்குக்கூட முழு டம்ளர் குடுப்பாங்க, என்றுகூடச் சொல்லிப் பார்த்தாயிற்று. சிரித்துக்கொண்டு, குடிச்சு முடி, மறுபடி பாதி தர்றேன், எங்கயும் ஓடிடாது, என்பார். தினமும் காலையில் இந்த அரை டம்ளர் சண்டை, மகள் போன் செய்கிறபோது அவளிடமும் புகார், உங்கப்பா இருக்காரே, கஞ்சன், டீயிலகூட ரேஷன்… மகளும் சிரிப்பாள். சிரிக்கட்டும். எல்லாரும் சிரிக்கட்டும்.

கதவு திறந்து கண்டக்டர் வெளியே வந்தார், முகமெல்லாம் திருப்தி. ஆடித் தள்ளிடுச்சும்மா, என்றார், தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனா தோள்லேர்ந்தும் வருதாம், முழங்கையிலேர்ந்தும் வருதாம், ஆளுக்கொரு பக்கம் இழுக்குதாம், அது அவ்வளவா நல்லதில்லன்னு அந்தப் பொண்ணு மூஞ்சியே சொல்லுது, என்றார். காப்பி குடித்தும் பலனில்லை, கையை மறைத்தும் பலனில்லை. போய்ச் சொல்லுங்கம்மா, என்றார் அவர், தப்பான பஸ்ஸுன்னா அடுத்த ஸ்டாப்பிலயே இறங்கிடணும், டெப்போ வரைக்கும் போகக் கூடாது. அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். என்னவென்று சொல்வது, மறைத்துவிட்டேன் என்றா, உன்னை ஏமாற்றிவிட்டேன் என்றா, ஒரு பெரிய மனுஷி ஒரு சின்னப் பெண்ணிடம் போய்… மறுபடி எழுந்து, யோசனை வருவதற்குள் கதவைத் தள்ளிவிட்டாள். கண்ணாடிக்காரி அடுத்தவருக்காகப் பட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கண்ணாடி தலைமேல் ஏறியிருந்தது, பாதி தின்ற பிஸ்கட் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தது. என்னம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா. ஆமாம்மா, நடுக்கத்தை விட்டுட்டுப் போயிட்டேன், என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. மறுபடி ஒருதடவை அளக்கணும், என்றாள். ஏன்மா, நல்லாத்தானே வந்துச்சு. நல்லா வந்ததுதாம்மா தப்பு, நான்… நான் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அந்தப் பெண் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள். அதட்டுவாள் என்று எதிர்பார்த்தாள், அதட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும், அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு, உக்காருங்க, சீக்கிரம் முடிச்சிடலாம், எனக்கு வரிசையில ஆள் இருக்காங்க, என்றாள், அவ்வளவுதான்.

பட்டைகள் மறுபடி ஏறின, மணிக்கட்டில் ஒன்று, முன்கையில், மேற்கையில், தோளில். கையை நீட்டுங்க, முழங்கை உடம்புல ஒட்டக் கூடாது, மேஜைல படக் கூடாது, மூச்சைப் பிடிக்காம சாதாரணமா இருங்க. சாதாரணமாக. அவள் கையை நீட்டினாள். நீட்டி, ஆடு என்றாள் மனதுக்குள். கை ஆடவில்லை. இல்லை, ஆடியது, ஆனால் ஏதோ கோழிக்குஞ்சு மூச்சு விடுகிற அளவுக்கு, முழங்கை விலகினால் தோள் இறுகிக்கொண்டது, தோளைத் தளர்த்தினால் பல் கடித்துக்கொண்டது, ஒரு பக்கம் திறந்தால் இன்னொரு பக்கம் பூட்டிக்கொள்கிற வீடு மாதிரி உடம்பு முழுக்க எத்தனை தாழ்ப்பாள்… நடுங்கு சனியனே, அந்தத் தாய் முன்னால் நடுங்கினாயே, மேற்பார்வையாளர் முன்னால் ஸ்டிக்கரை மூக்கில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு நடுங்கினாயே, மானத்தை வாங்க வேண்டிய இடத்தில் எல்லாம் வாங்கிவிட்டு, இப்போது, உன்னைப் பார்ப்பதற்கென்றே மெஷின் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது மரியாதை காட்டுகிறாயா. வெறுத்துப்போய் அவளே ஆட்டினாள். கொஞ்சமாக, இயற்கையாகத் தெரிகிற மாதிரி. திரையில் கோடு எழும்பியதும், அப்பாடா என்றிருந்தது. அது நீங்க ஆட்டுறதும்மா, என்றாள் கண்ணாடிக்காரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நீங்க ஆட்டுனா விட்டு விட்டு வரும், தானா ஆடுறது ஒரே தாளத்துல வரும், மெஷினுக்குத் தெரிஞ்சிடும். காது மடல்வரை சூடேறியது. மறைக்கிறபோது கண்டுபிடிக்காத மெஷின், நடிக்கிறபோது மட்டும் கண்டுபிடித்துவிட்டது, இதற்கும் கெட்டிக்காரத்தனம் என்று பெயர். அப்ப என் நடுக்கம் எங்கேதாம்மா இருக்கு, என்று கேட்டாள், கேலியாகத்தான் கேட்க நினைத்தாள், குரல் வேறு மாதிரி வந்துவிட்டது. அந்தப் பெண் பிஸ்கட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோய்க் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். முதல்ல பாதியோட விட்டது என் தப்பு, என்றாள், முழுசாத்தான் இருக்கணும். விளிம்புவரை இருந்தது. விளிம்புக்கு மேலும் கொஞ்சம், தண்ணீர் முதுகு வளைத்து நின்றது.

அவள் கோப்பையைப் பிடித்தாள். பிடித்ததும் போதும் போதும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, யாரோ ஊற்றிக்கொண்டிருப்பதைப்போல, ஆனால் ஊற்றி முடித்தாயிற்று. தூக்கினாள். முதலில் தண்ணீரின் மேல் ஒரு வளையம் வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு விளிம்பைத் தாண்டிப் பெருவிரலில் இறங்கிப் புறங்கையில் வழிந்தது, மணிக்கட்டு தன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது, அப்படியும் இப்படியும், அப்படியும் இப்படியும், அவளைக் கேட்காமல், அவளைச் சட்டை செய்யாமல், ஒரே தாளத்தில்… அப்படியே பிடிங்க, இன்னும் கொஞ்சம், என்றது குரல், கீழே வைக்க வேண்டாம். அவள் வைக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை காலமாயிற்று, ஒரு கோப்பை நிறையத் தண்ணீரைக் கையில் பிடித்து, என்று யோசித்தாள், இது என்ன கேள்வி, தினம் குடிக்கிற தண்ணீர், ஆனால் ஞாபகம் பின்னால் பின்னால் போனதே தவிர எங்கும் நிற்கவில்லை. வேலையில் மூடி போட்ட பாட்டில். கல்யாண வீடுகளில் ஜூஸ் வேண்டாம் சளி என்று தட்டைத் தாண்டிவிடுவது. அதெல்லாம் அவளே செய்த தந்திரம், சரி. வீட்டில்? வீட்டில் அவள் எந்தத் தந்திரமும் செய்ததில்லையே. வீட்டில் செய்ய வேண்டிய தேவையே வந்ததில்லை. வீட்டில் கை இத்தனை மோசமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், வெளியில்தான், ஆட்களைப் பார்த்தால்தான், பதற்றத்தில்தான் என்று, டாக்டரிடம்கூட அப்படியே சொன்னாள். வீட்டில் டம்ளர் பாதி. குழம்புச் சட்டியை இறக்குவது அவர், நீ கைப்பிடித் துணியை எங்கேயோ வச்சுத் தொலைச்சிடுற என்று சொல்லிக்கொண்டே. தண்ணீர் ஜாடிக்கு எப்போது மூடி வந்தது… தண்ணீர் குடிக்கிற பழைய டம்ளர்கள் போய், பெரிய காதுள்ள கனமான கப்புகள் அலமாரிக்கு வந்தன, தள்ளுபடியில் கிடைச்சுது என்றார், தள்ளுபடிக் கடைப் பக்கமே போகாத மனுஷன். சட்டைப் பட்டன். பாங்கு. நீ இரு, நீ இரு… ஓடுகிற லிஃப்டின் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர் அவர், கதவைத் திறந்து பார்க்கக்கூட மாட்டார். அவளோடு ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அவள் கரண்டி தட்டில் படுகிற சத்தத்தைத் தினமும் கேட்கிறவர். போதும்மா, வச்சிடலாம், என்றாள் கண்ணாடிக்காரி, இதுதான் வேணும். அவள் வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். அம்மா… வச்சிடுங்க.

எப்படி வந்திருக்கு, என்று கேட்டாள், துடைத்துக்கொள்ளக் கொடுத்த காகிதத்தில் கையைத் துடைத்தபடி. மணிக்கட்டுலதான் அதிகம், முழங்கையிலயும் கொஞ்சம் இருக்கு, என்றாள் அந்தப் பெண், பொருந்துமா பொருந்தாதான்னு நான் சொல்லக் கூடாதும்மா, டாக்டர் அடுத்த வாரம் சொல்வாங்க. பழைய அளவை அழிச்சிட்டீங்களா. ரெண்டும் இருக்கட்டும், என்றாள், மறைக்கும்போது எப்படி இருக்குன்னும் தெரியணும்ல. அது திட்டா பாராட்டா என்று இவளுக்குப் புரியவில்லை, இந்தத் தடவை தேங்க்ஸ் சொல்லாமல் வெளியே வந்தாள். கண்டக்டர் போய்விட்டிருந்தார். அடுத்த வாரம்… கொஞ்சம் முழங்கையிலும் என்றால் என்ன அர்த்தம், பாதிப் பொருத்தமா, பாதிக்குப் பாதி ஊசி போடுவார்களா, எல்லாமே அவளுக்குப் பாதிதானா. முழுசாக ஒரு பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை இந்தக் கட்டடத்தில்.

வீட்டுக்காரர் டீ மெஷினிலிருந்து இரண்டு காகிதக் கப்புகளோடு வந்துகொண்டிருந்தார். இந்த லிஃப்ட் நிக்கும்போது ஒரு இழுப்பு இழுக்குது, கவனிச்சியா, யாரும் பாக்குறதில்ல போல, என்றார். பிறகு, என்ன சொன்னாங்க, தோள்பட்டைக்கு. தோள்பட்டை என்ற அந்த வார்த்தையை அவர் எவ்வளவு ஜாக்கிரதையாகச் சொன்னார், விளிம்புவரை நிறைந்த ஒன்றைத் தூக்கிக் கொடுப்பது மாதிரி. அடுத்த வாரம் சொல்வாங்களாம், என்றாள். ம், என்றார். இடது கையிலிருந்த கப்பில் டீ நிறைய இருந்தது, வலது கையிலிருந்ததில் பாதி. மெஷின் எல்லாருக்கும் ஒரே அளவுதானே ஊற்றும், அப்படியானால் மீதிப் பாதியை எங்கேயோ கொட்டிவிட்டு அல்லவா வந்திருக்கிறார். பாதியை நீட்டினார். அவள் அதைத் தாண்டி, வலது கையால், முழங்கையை விலாவில் ஒட்டாமல், நிறைந்த கப்பைப் பிடித்தாள். அவர் உடனே விடவில்லை. விட்டபோது டீ தளும்பி அவர் விரல்களில் சிந்தியது, சுட்டிருக்கும், அவர் கையை உதறவில்லை, தலையைத் திருப்பி லிஃப்ட் கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த எண்களைப் பார்க்க ஆரம்பித்தார், ரொம்ப அக்கறையாக, எண்ணி முடித்துச் சொல்ல வேண்டும் என்று யாரோ அவரிடம் கேட்டிருப்பதுபோல. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். அந்த முக்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு அவள் சொல்லிக்கொடுத்த பார்வை. இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்… இவரிடம் அவள் ஒருநாளும் கிளியைப் பாருங்க என்று சொன்னதில்லையே. இங்க பாருங்க என்று சொல்ல வாயெடுத்தாள், இத்தனை வருஷத்தில் ஊசி கையிலிருக்கும்போது யாரிடமும் சொல்லாத வார்த்தை அது, சொன்னால் அவர் திரும்புவாரா, திரும்பினால் என்ன ஆகும், டீ விளிம்பில் அப்படியும் இப்படியும் போய்க்கொண்டிருந்தது, லிஃப்ட் வந்தது, நிற்கிறபோது ஒரு இழுப்பு இழுத்துத்தான் நின்றது, காலையில் இதே லிஃப்டில் ஏறி வந்தவளுக்கு அது தெரியவே இல்லை.